கேர்னலின்ர சூட்டைத் தமிழில எழுத நாலு வழி, அதில நாங்கள் எடுத்த வழி

போன சித்திரையில கொக்குவில்ல எங்கட ரியூசன் கொட்டிலுக்க ஒரு குட்டிக் கொம்பியூட்டரை சேர்வரா வைச்சிருந்தம், ஃபான் இல்லாத சாதி, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, பிள்ளையளின்ர பாடக் குறிப்பு, பழைய வினாத்தாள், வீடியோ எல்லாம் அதுக்குள்ளதான் கிடந்தது. மேல தகரக் கூரை. மத்தியானம் ரெண்டு மணி தாண்டினால் பெட்டி தன்ர பாட்டில நிண்டிடும். முதல் நாள் கரண்ட் போயிட்டு வந்திருக்கும் எண்டு விட்டிட்டம், அடுத்த நாள் வயரை ஆட்டி ஆட்டிப் பாத்தம், மூண்டாம் நாள் ஒரு பெடியன் வைரஸ் எண்டே தீர்ப்பு எழுதிட்டான். பேந்து நான் லொக்கை, அதாவது நடந்ததெல்லாம் பதிவாகிற பைலைத் திறந்து கடைசி வரியளைப் பாத்தால், 'கிரிட்டிக்கல் ரெம்பரேச்சர் ரீச்ட், ஷட்டிங் டவுன்', அதாவது சூடு ஆபத்தான எல்லையைத் தொட்டிட்டுது, நிப்பாட்டுறன் எண்டு கேர்னல் (வன்பொருளை நடத்துற அடி மென்பொருள்) வடிவா எழுதி வைச்சிட்டுத்தான் போயிருக்குது.

அண்டைக்கு ஒரு தம்பி கேட்ட கேள்விதான் இவ்வளவுக்கும் தொடக்கம். "அண்ணை, என்ர போன் சூடானால் ஸ்லோவாகும், ஆனா நிக்காது. இது ஏன் ஸ்லோவாகாமல் ஒரேயடியா விழுந்தது?" சரியான கேள்வி. எனக்கு மறுமொழி தெரியும், சொல்லியும் போட்டன், ஆனா சொல்லேக்க பாதி வழியில அவனுக்கு விளங்கேல்ல எண்டு முகத்திலயே தெரிஞ்சுது, ஏனெண்டால் தேர்மல் சோன் (சூடு அளக்கிற பகுதி), ட்ரிப் பொயின்ற் (இந்தச் சூட்டில ஏதாவது செய் எண்டு போட்ட அளவு), கூலிங் டிவைஸ் (ஃபான் மாதிரிச் சூட்டைக் குறைக்கிறது), கவர்னர் (எப்ப எவ்வளவு குளிராக்கிறதெண்டு தீர்மானிக்கிற கோட்) எண்டு நாலு சொல்லை ஒண்டா அவன்ர தலையில கொட்டிட்டன். இதை ஆறுதலா எழுதி வைக்கோணும் எண்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில எல்லாரும் ஒத்துக்கொண்டம். எப்பிடி எழுதுறது எண்டதிலதான் நாலு பேரும் நாலு பக்கம் இழுத்தினம். ரெண்டு கிழமை இழுபட்டம், நாலு வழியையும் கொஞ்சம் கொஞ்சம் எழுதியும் பாத்தம். இனி ஆரும் இப்பிடி ஒரு வேலையில இறங்கினால் எங்கட இழுபறி உதவும் எண்டுதான் இதை எழுதுறன். பைல் பேரெல்லாம் நான் தமிழ் எழுத்தில எழுதியிருக்கிறன், கீபோட்ல அடிக்கேக்க நீங்கள் மாத்தி அடிக்கோணும், அவ்வளவுதான்.

முதல் வழி மொழிபெயர்ப்பு. இது கொழும்பில சொப்ட்வெயர் வேலை செய்யிற என்ர மச்சான்ர கட்சி. "புதுசா ஏனடா மினக்கெடுறாய், லினக்ஸ் கேர்னலோடையே டொக்கியுமென்ற் வருதுதானே, அதைத் தமிழாக்கிவிட்டால் அலுவல் முடிஞ்சுது" எண்டான். ஆசை காட்டுற யோசினைதான். கேர்னல் சோர்ஸுக்க மொழிபெயர்ப்புக்கெண்டே ஒரு போல்டர் கிடக்கு, சீனம், யப்பான், கொரியா, இத்தாலி, ஸ்பானிஷ் எல்லாம் இருக்குது, தமிழைக் காணேல்ல. எங்கட பேர் அதுக்குள்ள வாறதெண்டால் ஆருக்குத்தான் கசக்கும்.

ஆனா தேர்மல் போல்டரைத் திறந்து வைச்சு வாசிக்கத் தொடங்கினாப் பிறகுதான் சிக்கல் தெரிஞ்சுது. அதில பெரிய பக்கம் சிஸ்எப்எஸ் (கேர்னல் தன்ர நிலவரத்தைப் பைலாக் காட்டுற இடம்) பற்றினது, இன்ரெல்ல வேலை செய்த சுஜித் தோமசும் சாங் ருயும் 2008 தை மாதம் எழுதினது. அந்தப் பக்கம் ஆருக்கு எழுதினது எண்டு பாத்தால் டிரைவர், அதாவது ஒரு வன்பொருளைக் கேர்னலோட சேர்க்கிற புரோகிராம் எழுதுறவைக்கு. எந்த பங்ஷனைக் கூப்பிட்டு சோனைப் பதியிறது, அதுக்கு என்னென்ன குடுக்கோணும், பதிஞ்சால் என்னென்ன பைல் வரும், ஒவ்வொரு பைலும் வாசிக்க மட்டுமோ எழுதவும் ஏலுமோ. எல்லாம் சரி, ஒரு பிழை பிடிக்க ஏலாது. ஆனா சோதினைப் பேப்பர்ல 'பின்வருவனவற்றைச் சுருக்கமாக விளக்குக' எண்டு வாற கேள்விக்கு விடை எழுதினமாதிரித்தான் கிடக்கு. டைப் எண்டால் இது, ரெம்ப் எண்டால் இது, கர் ஸ்ரேற் எண்டால் இது. தம்பியின்ர கேள்வி இருக்குதே, ஏன் ஒரேயடியா விழுந்தது எண்டு, அதுக்கு அந்தப் பக்கத்தை முழுக்கத் தமிழில வாசிச்சாலும் மறுமொழி வராது. நான் மூண்டு பக்கம் மொழிபெயர்த்து அவனிட்டைக் குடுத்துப் பாத்தன். "நல்லாயிருக்குது அண்ணை" எண்டான், அதோட சரி.

இன்னொண்டு, அது நிண்டு நிலைக்கிற வேலையும் இல்லை. 2023, 2024 காலத்தில இந்தத் தேர்மல் கோர் (கேர்னலுக்க சூட்டைப் பாக்கிற நடுக் கோட்) நல்லாக் கலைச்சு அடுக்கப்பட்டுது. முந்தி டிரைவர்காரர் ட்ரிப்பின்ர வகை என்ன, அளவு என்ன எண்டு சொல்லத் தனித்தனி பங்ஷன் எழுதிக் குடுப்பினம், இப்ப ட்ரிப் எல்லாத்தையும் ஒரு டேபிளாப் பதியேக்கையே குடுக்கோணும். நாங்கள் ரெண்டு மாதம் இருந்து மொழிபெயர்த்தால் மூண்டாம் மாதம் பழசு. கேர்னலோட வாற மொழிபெயர்ப்பெண்டால் ஒவ்வொரு மாத்தத்துக்கும் பின்னால ஓடோணும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடுற ஆறு பேர் கொண்டு அது ஏலாது.

எண்டாலும் முழுக்கக் கழிச்சுவிடேல்ல. அந்தப் போல்டருக்க ரெண்டு பக்கம் இருக்குது, அதுகளை வரிக்கு வரி தமிழாக்கினாலும் தகும், ஏனெண்டால் அதுகள் பைல் பட்டியல்ல தொடங்கேல்ல, ஒரு கஷ்டத்தில தொடங்குது. ஒண்டு சிபியு ஐடில் கூலிங், வேகத்தைக் குறைச்சுச் சூட்டைக் கட்டுப்படுத்த ஏலாமல் போற இடத்தில சிபியுவை இடைக்கிடை கட்டாயமா ஓய வைக்கிறது. மற்றது பவர் அலொகேற்றர் கவர்னர். இதை வாசிக்கேக்க எனக்கு ஞாபகம் வந்தது உரும்பிராய்ப் பக்கம் வெங்காயத்துக்குத் தண்ணி மாறுறதுதான். கிணத்தில ஊத்து எவ்வளவோ அவ்வளவுதான் நாள் முழுக்க இறைக்கலாம், அதுதான் இவையள் சொல்லுற சஸ்ரெய்னபிள் பவர், மில்லிவாட் கணக்கில எழுதுறது. விடிய கிணறு நிறைஞ்சு கிடக்கேக்க கொஞ்ச நேரம் ஊத்தைவிடக் கூடவும் இறைக்கலாம், அதுமாதிரி வெப்பநிலை இலக்குக்குக் கீழ நிக்கேக்க கவர்னர் கூடப் பவர் குடுக்கும், இலக்கைத் தாண்டினால் கையை இறுக்கும். கூடினால் எவ்வளவு இறுக்கிறது, குறைஞ்சால் எவ்வளவு இளக்கிறது எண்டதுக்கு ரெண்டு தனி எண் வேற. பேந்து வாய்க்கால்ல மண்வெட்டியோட நிக்கிறவர் செய்யிற வேலை, சிபியுப் பாத்திக்கு எவ்வளவு, ஜிபியுப் பாத்திக்கு எவ்வளவு எண்டு கேக்கிற அளவைப் பாத்துப் பிரிச்சு விடுறது. இந்தக் கவர்னர் நல்லா வேலை செய்ய ரெண்டு பாசிவ் ட்ரிப் (வேலையைக் குறைச்சுக் குளிராக்கிறதுக்குப் போட்ட அளவு) வேணும், ஒண்டு எப்ப முழிக்கிறது எண்டதுக்கு, மற்றது எங்க பிடிச்சு வைக்கிறது எண்டதுக்கு. இவ்வளவையும் அந்தப் பக்கமே சொல்லுது, நாங்கள் தோட்டத்தை மட்டும் சேர்த்தம்.

ரெண்டாவது வழி கோட். கம்பஸில கடைசி வருசம் படிக்கிற ஒரு தங்கச்சி வகுப்புக்கு வாறவ, அவவின்ர பிடிவாதம் இது. டொக்கியுமென்ற் பொய் சொல்லும், கோட் பொய் சொல்லாது, கோட்டைத் திறந்து வைச்சுப் பக்கத்தில தமிழில கொமென்ற் எழுதுவம் எண்டவ. நான் முதல்ல சிரிச்சன், ஆனா அவ காட்டின ரெண்டு இடத்தைப் பாத்து வாயை மூடிட்டன்.

ஒண்டு ஸ்ரெப் வைஸ் கவர்னர். கேர்னல்ல பொதுவா டிபோல்ட்டா வாறது இதுதான், கன மெஷின் இதிலதான் ஓடுது, ஆனா தேர்மல் டொக்கியுமென்ற் போல்டர்ல இதுக்கெண்டு தனிப் பக்கம் இல்லை. கோட் பைல்ல ஒரு கொமென்ற்ல கொஞ்ச வரியில முழு விசயமும் கிடக்கு. வெப்பநிலை ட்ரிப்புக்கு மேல, ஏறிக்கொண்டும் இருக்குது எண்டால் கூலிங்கை ஒரு படி கூட்டு. மேலதான், ஆனா இறங்குது எண்டால் கை வைக்காத. ட்ரிப்புக்குக் கீழ, ஆனா ஏறுது எண்டால் அப்பவும் கை வைக்காத. கீழ நிண்டு இன்னும் இறங்குது எண்டால் ஒரு படி குறை. அவ்வளவுதான். எங்கட அம்மா ஒடியற் கூழ் காய்ச்சேக்க செய்யிறதும் இதுதானே, பொங்கி வந்தால் முழு விறகையும் இழுக்கமாட்டா, ஒண்டை இழுப்பா, பாப்பா, இன்னும் ஏறுதெண்டால் இன்னொண்டை இழுப்பா, பொங்கல் அடங்கத் தொடங்கிட்டுதெண்டால் சும்மா நிப்பா.

மற்றது எமுல் ரெம்ப். உண்மையான சென்சரை விட்டிட்டு நாங்கள் குடுக்கிற எண்ணைத்தான் வெப்பநிலை எண்டு கேர்னலை நம்ப வைக்கிற பைல் இது, கேர்னலைக் கட்டேக்க தெரிவு செய்யிற கொன்பிக்ல தேர்மல் எமுலேஷன் ஒன்ல இருந்தால்தான் வரும். டொக்கியுமென்ற் ஒரு எச்சரிக்கை சொல்லுது, பாவனையில இருக்கிற மெஷின்ல இதை ஒன் பண்ணேக்க கவனம், ஆராவது குறைஞ்ச எண்ணை விடாமல் எழுதிக்கொண்டிருந்தால் தேர்மல் பாதுகாப்பையே படுக்க வைச்சிடலாம் எண்டு. அதை வாசிச்சால் நெருப்புப் பிடிச்சாலும் கேர்னலுக்குத் தெரியாதாக்கும் எண்டுதான் நினைக்கத் தோன்றும். கோட்டைப் பாத்தால் அப்பிடி இல்லை. உண்மையான வெப்பநிலை கிரிட்டிக்கலுக்கு, அதாவது மெஷினையே நிப்பாட்டுற அளவுக்குக் கீழ நிக்கும்வரைக்கும்தான் பொய் எண் செல்லும், தாண்டினால் உண்மை எண்தான், இந்த வசதியால கிரிட்டிக்கல் நிலைமையை மறைக்க ஏலாமல் இருக்கோணும் எண்டு கொமென்ற்லயே எழுதி வைச்சிருக்கினம். எச்சரிக்கை பிழையில்லை, பாசிவ் ட்ரிப்பை ஏமாத்தலாம்தான். ஆனா கடைசிக் கதவு பூட்டித்தான் கிடக்கு எண்டதை டொக்கியுமென்ற் மட்டும் வாசிச்சவனுக்குத் தெரிய வழியில்லை.

அப்ப கோட்தான் வழியோ எண்டால், இல்லை. தங்கச்சி எழுதின ரெண்டு பக்கத்தை ஏ எல் படிக்கிற பெடியளிட்டைக் குடுத்தம். பொயின்ரர், ஸ்ரக்ட், லொக் எண்டு முதல் வரியிலயே இடறி விழுந்திட்டாங்கள். சூட்டைப் படிக்க வந்தவனுக்கு சீ மொழி படிப்பிக்கோணும் எண்டால் அது வேற வகுப்பு. அதோட மொழிபெயர்ப்புக்குச் சொன்ன அதே நோய் இதுக்கு இன்னும் மோசம், கோட் டொக்கியுமென்ற்றைவிடக் கெதியா மாறும்.

மூண்டாவது வழி அகராதி, அதாவது முதல் கலைச்சொல், பேந்துதான் மற்றது. இது எங்கட பழைய விஞ்ஞான சேர். ஓய்வெடுத்திட்டார், இப்பவும் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்ல வந்து பின் வாங்கில இருப்பார். சொல்லுச் சரியில்லாமல் பொருள் எப்பிடியடா சரியாகும் எண்டு கேட்டார். அவர் சும்மா சொல்லேல்ல, 1847-ல யாழ்ப்பாணத்துக்கு வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலயே படிப்பிச்சவர், அதுக்குக் கலைச்சொல் பட்டியலும் செய்தவர், நீங்கள் ஒரு கொம்பியூட்டர்ச் சூட்டுக்கு இவ்வளவு தயங்குறியள் எண்டு சேர் ஒரு குத்தும் விட்டார். வாங்கிக்கொண்டம்.

ஆனா சொல் பிடிக்க வெளிக்கிட்டால் பம்பல்தான். கவர்னரை ஆளுநர் எண்டு எழுதினால் வடமாகாணத்துக்கு ஒருத்தர் ஏற்கெனவே இருக்கிறார். தேர்மல் சோனை வெப்ப மண்டலம் எண்டால் புவியியல் பாடம், வெப்ப வலயம் எண்டால் வலயக் கல்விப் பணிமனை ஞாபகம் வருது, எண்டாலும் ரெண்டில வலயம் பறவாயில்லை எண்டு விட்டம். ட்ரிப் பொயின்ற்றை ஒரு பெடியன் மொழிபெயர்ப்பு அப்ல போட்டுப் 'பயணப் புள்ளி' எண்டு கொண்டு வந்தான், பஸ் ஸ்ராண்ட் மாதிரி. உண்மையில எங்களுக்கு இந்தச் சொல் வீட்டுக்கயே கிடக்கு, கரண்ட் ஒழுகினால் 'ட்ரிப் சுவிச் விழுந்திட்டுது' எண்டு சின்னப் பிள்ளையும் சொல்லும். அதே ட்ரிப்தான் இது. ஒரு வித்தியாசம், வீட்டு ட்ரிப் விழுந்தால் எல்லாம் நிக்கும், கேர்னல்ல கிரிட்டிக்கல் மட்டும்தான் அப்பிடி, மற்றதுகள் அடையாளம் போட்ட இடம் மட்டும்தான், அதைத் தொட்டால் என்ன செய்யிறதெண்டதைக் கவர்னர் தீர்மானிக்கும்.

சரியான வில்லங்கம் அக்டிவும் பாசிவும்தான். சேர் உடனே 'செயற்படு, செயலற்ற' எண்டு எழுதினார், இலக்கணத்துக்குச் சரி. ஆனா பாசிவ் கூலிங் எண்டால் சிபியுவின்ர வேகத்தையே பிடிச்சுக் குறைக்கிறது, அதைப் போய்ச் செயலற்றது எண்டால் வாசிக்கிறவன் ஒண்டும் நடக்காது எண்டெல்லோ நினைப்பான். இந்தச் சோடி 1996-ல வந்த ஏசிபிஐ (மெஷினின்ர பவரையும் சூட்டையும் பற்றி பயோஸ் கேர்னலுக்குச் சொல்லுற தரம்) காலத்துச் சொல். ஃபான் மாதிரி ஒண்டை ஓட விட்டுச் சூட்டை வெளிய தள்ளினால் அக்டிவ், சூடு உண்டாகிறதையே குறைச்சால் பாசிவ். அப்ப 'விசிறிக் குளிராக்கிறது, வேலையைக் குறைச்சுக் குளிராக்கிறது' எண்டு எழுதினால்தான் விளங்கும் எண்டு நான் சொல்ல, அது கலைச்சொல் இல்லை, வசனம் எண்டு சேர் சொல்ல, அண்டைக்கு வகுப்பு ஆறரைக்குத்தான் முடிஞ்சுது. இப்ப நாங்கள் பாசிவ் எண்டே எழுதிட்டு முதல் தரம் வாற இடத்தில அந்த வசனத்தையும் எழுதுறம். சேருக்கு இன்னும் கோபம்.

இதில எனக்கு ஒரு விசயம் பட்டது. கிறீன் டொக்டரிட்டைச் சொற்பட்டியல் மட்டும் இல்லை, பக்கத்தில ஆஸ்பத்திரியும் இருந்தது. சொல்லைப் படிச்சவன் எழும்பிப் போய் நோயாளியைத் தொட்டுப் பாத்தவன். எங்கட அகராதியில நோயாளி இல்லை. அதைச் சொன்னவுடன சேர் ஒரு நிமிசம் பேசாமல் இருந்திட்டு, "அப்ப உந்தப் பெட்டியைக் கொண்டு வா" எண்டார்.

அதுதான் நாலாவது வழி. ஒரு மெஷின், ஒரு மத்தியானம், சூடு ஏற ஏற என்ன நடக்குது எண்டு நேர வரிசையில எழுதுறது. பைல் எந்த வரிசையில கிடக்கெண்டு பாக்கத் தேவையில்லை, சூடு எந்த வரிசையில அதுகளைத் தொடுதோ அந்த வரிசை.

சிஸ் போல்டருக்க கிளாஸ், அதுக்குள்ள தேர்மல். நிண்டுபோன அதே பெட்டியில திறந்தம். சோன் ரெண்டு கிடந்தது, ஒவ்வொண்டுக்கயும் டைப் எண்ட பைலைப் பாத்தால் ஒண்டு ஏசிபிஐ சோன், மற்றது சிபியுவின்ர சோன். ரெம்ப் பைலை வாசிச்ச உடன தம்பி கத்தினான், "அண்ணை, 58000 டிகிரியோ!" இல்லையடா, மில்லி டிகிரி, ஆயிரத்தால பிரி, 58. இந்த ஒரு கூச்சலோட அலகு எல்லாருக்கும் மனசில நிண்டிட்டுது, டொக்கியுமென்ற்ல அதே விசயம் ஒரு வரி, ஆரும் கவனிக்காத வரி. பேந்து அவனையே ட்ரிப்பைப் பாக்கச் சொன்னன். ஏசிபிஐ சோன்ல ஒரேயொரு ட்ரிப். டைப் கிரிட்டிக்கல். அளவு 95000. அதுக்கு முன்னால பாசிவும் இல்லை, அக்டிவும் இல்லை.

கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்ல. பேந்து தம்பியே சொன்னான், "அப்ப இடையில நிப்பாட்ட ஒரு படியும் இல்லை அண்ணை, நேர கிணத்துக்கதான்." அதுதான் மறுமொழி. இந்தப் பெட்டியைச் செய்தவை தங்கட பயோஸ் டேபிள்ல கிரிட்டிக்கல் ஒண்டை மட்டும்தான் எழுதியிருக்கினம், சிபியு தன்னைத் தானே குறைக்கிற எல்லை இதைவிட மேல, தகரத்துக்குக் கீழ போட் சூடாகி அந்த எல்லைக்குப் போக முதலே 95-ஐத் தொட்டிட்டுது, கேர்னல் தனக்குச் சொன்ன ஒரேயொரு வேலையைச் செய்துபோட்டுது. நான் வாயால விளங்கப்படுத்தி விளங்காததை அவன் ரெண்டு பைல் வாசிச்சுப் பிடிச்சிட்டான்.

இடையில படி இருக்கிற மெஷின் எப்பிடி இருக்கும் எண்டு காட்ட ராஸ்பெரி பை 5 எண்ட ஒற்றைப் போட் கொம்பியூட்டர் ஒண்டு, அதின்ர ஃபானோட. இதில ஃபானுக்கு நாலு படி, 50, 60, 67.5, 75 டிகிரி, ஒவ்வொண்டிலயும் ஃபான் வேகம் கூடும், இறங்கேக்க 5 டிகிரி கீழ வந்தால்தான் குறையும். அந்த 5 ஏன் எண்டதை நான் விளங்கப்படுத்தவே இல்லை. கொட்டிலின்ர வெக்கைக்கு போட் சும்மா இருக்கேக்கையே 49, 50, 51 எண்டு ஆடிக்கொண்டிருந்தது, ஃபான் ஒருக்கா ஓடத் தொடங்கினது 50-இல நிக்கேல்ல, 45-க்குக் கீழ போனாப்பிறகுதான் நிண்டது, அந்த இடைவெளி இல்லாட்டில் ஃபான் நிமிசத்துக்கு நிமிசம் விட்டு விட்டு அடிச்சிருக்கும். ஒரு பிள்ளை தானாச் சொன்னா, தண்ணித் தாங்கியில மிதவை சுவிச் மாதிரி எண்டு. நிறைஞ்சவுடன மோட்டர் நிக்கும், ஒரு சொட்டுக் குறைஞ்சவுடன திருப்பித் தொடங்காது, கீழ ஒரு அளவுக்கு வரோணும். ஹிஸ்டரிசிஸ் எண்ட சொல்லை அதுக்குப் பிறகுதான் பலகையில எழுதினன். பாங் பாங் எண்டு ஒரு கவர்னர் இருக்குது, அது முழுக்க இந்த மிதவை சுவிச்தான், ஒண்டில் ஓடு, இல்லாட்டில் நில். ஃபெயர் ஷெயார் எண்டும் ஒரு கவர்னர் இருக்குது, ஒவ்வொரு கூலிங் டிவைஸுக்கும் குடுத்த முக்கியத்துவ எண்ணைப் பாத்துப் பிரிக்கும், அதை ஒரு பந்தியில முடிச்சம். யூசர் ஸ்பேஸ் கவர்னரைக் கேர்னல்காரரே கைவிடச் சொல்லினம், நெற்லிங்க் (கேர்னல் வெளிப் புரோகிராமுகளுக்குச் செய்தி அனுப்புற வழி) அறிவித்தலைப் பாவிக்கட்டாம், அதுக்கு ஒரு வரி.

இந்த வழியிலயும் ஓட்டை இருக்குது, மறைக்கேல்ல. ஒரு மெஷினைப் பாத்து எழுதினால் அந்த மெஷின்தான் உலகம் எண்டு வாசிக்கிறவன் நினைப்பான். ராஸ்பெரி பையில 80 டிகிரிக்குக் கிட்ட வேகம் குறையிறது கேர்னல் கவர்னரின்ர வேலை எண்டு நான் முதல் எழுதிப்போட்டன், பிழை, அது பேர்ம்வெயர் (போட்டோடையே வாற அடி மென்பொருள்) செய்யிறது, கேர்னல் போல்டருக்க எவ்வளவு தேடினாலும் அந்த 80-ஐக் காணேலாது. தங்கச்சிதான் பிடிச்சவ. கண்ணுக்குத் தெரியிற பைலை மட்டும் வைச்சு எழுதினால் தெரியாமல் நடக்கிறது விடுபட்டுப் போகும். அதால ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கடைசியில 'இதைக் கேர்னல் செய்யேல்ல' எண்டொரு பெட்டி போடுறம்.

பழசாகிற விசயத்தில நாலாவது வழிக்குத்தான் ஆயுள் கூட. உள் கோட் எவ்வளவு கலைஞ்சாலும் டைப், ரெம்ப், கர் ஸ்ரேற், மக்ஸ் ஸ்ரேற் எண்ட பைலுகள் 2008-ல இருந்து அப்பிடியே கிடக்கு, வெளியில இருந்து பாவிக்கிறவனின்ர புரோகிராமை முறிக்கக்கூடாது எண்டது லினக்ஸ்காரரின்ர பெரிய பிடிவாதம். ஏபிஐ டொக்கியுமென்ற்ல இந்தப் பைலுகள் இன்னும் ஸ்ரேபிள், அதாவது மாறாதெண்டு உறுதி சொன்ன போல்டருக்க இல்லை, ரெஸ்ரிங் போல்டருக்கதான் கிடக்கு எண்டது ஒரு சின்ன முள்ளு, பதினைஞ்சு வருசத்துக்கு மேல மாறாததை இனி மாத்துவினம் எண்டு நான் நினைக்கேல்ல.

மச்சானுக்கு இதில உடன்பாடில்லை, ஒழுங்கான டொக்கியுமென்ற் எண்டால் எதையும் தேடி எடுக்கக்கூடியதா இருக்கோணும், கதை மாதிரி எழுதினால் ரெண்டாம் தரம் வாறவன் எங்க தேடுறது எண்டு கேட்டான். அது நியாயம்தான். அதுக்காகத்தான் சேரின்ர அகராதியைக் குப்பையில போடேல்ல, கடைசியில வைச்சம், ஒவ்வொரு சொல்லுக்கும் எந்தப் பக்கத்தில அது முதல் முதல் சூடாகுது எண்டு பக்க எண்ணோட. முன்னுக்கு மத்தியானக் கதை, நடுவில பவர் அலொகேற்றரும் ஐடில் கூலிங்கும் மொழிபெயர்ப்பா, ஸ்ரெப் வைஸுக்குத் தங்கச்சி கோட்ல இருந்து எடுத்த அந்த வரியள், கடைசியில சேரின்ர பட்டியல். மச்சான் கேட்டமாதிரி முழு மொழிபெயர்ப்பு இப்ப இல்லை, ஆரும் முழு நேரமா இறங்கினால் பாப்பம்.

பெட்டியைத் தகரத்துக்குக் கீழ இருந்து எடுத்துச் சோளகம் அடிக்கிற பக்கத்து யன்னல்ல வைச்சு, பழைய பவர் சப்ளை ஒண்டில கழட்டின ஃபானையும் மேல கட்டிவிட்டம், இப்ப 70-ஐத் தாண்டுறதில்லை.

நாலாவது வழியில எழுதப்போறவைக்கு ஒண்டு. எமுல் ரெம்ப்பை வைச்சுச் சூடு ஏறுறமாதிரிக் காட்டுறது வகுப்புக்குச் சரியான வசதி, அடுப்பும் தேவையில்லை, வெய்யிலும் தேவையில்லை. ஆனா பொய் எண்ணால கிரிட்டிக்கலை மறைக்கத்தான் ஏலாது, வரவழைக்க ஏலும். தங்கச்சி ஒரு பழைய லப்டொப்ல, எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கேக்க, வட்ட எண்ணாப் போடுவம் எண்டு 100000 எழுதினவ. அதின்ர கிரிட்டிக்கல் 98000. லப்டொப் கையில தொட்டால் பச்சைத் தண்ணி மாதிரிக் கிடந்தது, கேர்னல் நம்பிட்டுது, நிப்பாட்டிப்போட்டுது, அவ சேவ் பண்ணாத ரெண்டு பக்கமும் அதோட போட்டுது. கிரிட்டிக்கல் எவ்வளவெண்டு முதல் வாசிச்சுப் பலகையில எழுதி வைச்சிட்டு, அதுக்குப் பத்து டிகிரி கீழ நில்லுங்கோ, முடிஞ்சவுடன அதே பைல்ல 0 எழுதினால் திருப்பி உண்மையான சென்சருக்கு வந்திடும்.